ஆற்றைக் கடக்கும் வழியை யார் தெரிவது?



எழுவான்கரையில் இருப்பவர்கள் கொக்கட்டிச்சோலைத் தேருக்கோ மண்டூர்த் தீர்த்தத்துக்கோ போவதென்றால் நடுவே ஆறு கிடக்கிறது. எந்த வழியால் கடப்பது என்பது சின்னக் கேள்வி போலத் தோன்றும. ஆனால் காசு, பிள்ளைகளின் பாதுகாப்பு, பழைய பயம், முடிவெடுப்பது யார் என்ற நான்கும் அதற்குள் இருப்பதை நான் வேலை செய்யும் பெண்கள் குழுவொன்றில் கண்டேன்.

அக்குழுவின் ஆறு குடும்பங்கள் மண்டூர் முருகன் கோயிலின் ஆவணித் திருவிழாவுக்குப் பிள்ளைகளுடன் போகத் தீர்மானித்தன. அவற்றில் நான்கு பெண் தலைமைக் குடும்பங்கள். வழி இரண்டு. வான் பிடித்துப் பட்டிருப்புப் பாலத்தால் வெல்லாவெளிப் பக்கமாகச் சுற்றிப் போகலாம். அல்லது பஸ்ஸில் குருமண்வெளிக்குப் போய், துறையில் பாதையேறி மண்டூரில் இறங்கலாம். இரண்டாவதற்குச் செலவு குறைவு. பிள்ளைகளின் ஆசையும் அதுதான்.

ஒரு சகோதரி மட்டும் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "மிஸ், ஷெல்லடிக்க ராவோட ராவா ரெண்டு புள்ளயளயும் தூக்கிக்கிட்டு தோணியில வந்தனான். ஆத்தக் கண்டா இன்னமும் நெஞ்சு படபடக்கும்."

அவருடைய பயத்துக்குக் காரணம் உண்டு. 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டிலும் எழுவான்கரை அரச கட்டுப்பாட்டிலும் இருந்தன. துறை என்றால் அன்று சோதனைச்சாவடி, அடையாள அட்டை, காத்திருப்பு. மண்முனைத் துறையில் ஜப்பானிய உதவியுடன் பாலம் திறக்கப்பட்டது 2014 ஏப்ரலில்தான். அதுவரை அங்கேயும் பாதையை நம்பித்தான் சனம் கடந்தது. வழியைத் தெரிவு செய்யும் வசதி எமக்குப் புதிது.

லண்டனிலுள்ள எமது உறவுகளும் விடுமுறைக்கு வாகனத்துடன் பிரான்சுக்குப் போகும்போது இதே கணக்கைப் பார்க்கிறார்கள். டோவரில் கப்பலேறினால் கலே துறைமுகத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம். 1994இல் திறக்கப்பட்ட கடலடிச் சுரங்கத்தால் வாகனத்தை ரயிலில் ஏற்றிப் போனால் சுமார் 35 நிமிடம். விரைவா, காசா, கடல் பார்க்கும் ஆசையா என்பது அவர்களுடைய கேள்வி. உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்பது எமது முதற் கேள்வி.

அதற்கும் காரணம் உண்டு. 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலவேலை நடந்துகொண்டிருந்த காலத்தில் ஓடிய பாதை கவிழ்ந்து, பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். ஆகவே பாதையில் போக விரும்புவோர் இவற்றைக் கவனியுங்கள்:

பாதை ஓடுகிறதா, கடைசிப் பயணம் எத்தனை மணிக்கு என்று முதல் நாளே விசாரியுங்கள். திருவிழா நாளில் சனம் நெருக்கினால் அடுத்த பயணத்துக்கு நில்லுங்கள். பிள்ளைகளுக்கு அங்கி கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். கச்சான் காற்று பலத்திருந்தாலோ மாரிவெள்ளம் ஓடினாலோ பாலத்தால் போங்கள். கைக்குழந்தையை மடியில் இறுக்கிக் கட்டாதீர்கள்.

இனி முடிவெடுப்பது பற்றி. அந்தச் சகோதரியின் தமையனார், "பொம்புளையள் தனியப் போகத் தேவையில்ல, நான் வான் பிடிச்சுத் தாறன்" என்றாராம். அக்கறையோடு சொன்ன வார்த்தைதான். ஆனால் போகிறவர்கள் யாரையும் அவர் கேட்கவில்லை. மறுபக்கம், "ஏறினாத்தான் பயம் தெளியும்" என்று குழுவில் சிலர் அவரை வற்புறுத்தினார்கள். இதுவும் சரியல்ல என்றேன். பயத்தைப் போக்குவதற்கென்று எவரையும் தோணியில் ஏற்றக் கூடாது.

கடைசியில் பெண்களே கூடிப் பேசினார்கள். வயதானவர்களும் கைக்குழந்தைக்காரியும் அந்தச் சகோதரியும் ஒரு சிறிய வானில் பாலத்தால் போவது, மற்றவர்கள் காலையில் பாதையால் போவது, வான் காசை எல்லோரும் பங்கிடுவது என்று தீர்மானமாயிற்று. அச்சகோதரி தன் மூத்த மகளைப் பாதையில் போக விட்டார். "அவளுக்கு ஆறு வெறும் ஆறாவே இருக்கட்டும்" என்றார்.

பெண் தலைமைக் குடும்பங்களுக்குச் சுற்றுலா எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நிவாரணமும் கடனும் மட்டும் வாழ்க்கையல்ல. பிள்ளைகளோடு ஒரு நாள் வெளியே போவதும், எந்த வழியால் போவதென்று தாய் தானே தீர்மானிப்பதும் எமது உரிமைதான். அடுத்த பயணத்தை நீங்களே கூடிப் பேசித் தீர்மானியுங்கள்.