பூட்டி வைத்த பவர்

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் டவுன்ஹால் பக்கமிருந்து நுழைந்தால் இரண்டு புறமும் வண்டி உதிரிபாகக் கடைகள்தான். அங்கே அரை மணி நேரம் நின்றால் தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் ஒரே பேச்சு காதில் விழும். "கம்பெனிக்காரன் பவரை லாக் பண்ணி வெச்சிருக்காண்ணா. ஒரு சிப்பு போட்டாப் போதும், பிக்கப்பும் ஏறும், மைலேஜும் ஏறும்." தக்காளி ஏற்றும் பிக்கப் ஓட்டுநர் இதை நம்புகிறார். வார இறுதியில் சக்லேஷ்பூர் மலைக்குப் போவதற்கென்று பெரிய பிக்கப் வாங்கி வைத்திருக்கும் ஐ.டி. ஊழியரும் நம்புகிறார். இது பொய். கொஞ்சம் உண்மை கலந்த பொய் என்பதால்தான் இத்தனை பேர் இதில் விழுகிறார்கள்.

அந்தக் கொஞ்ச உண்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். டர்போ டீசல் வண்டியின் இன்ஜின் கம்ப்யூட்டரில் கை வைத்தால் பவர் ஏறத்தான் செய்யும். மிதித்தவுடன் வண்டி பாயும், ஓட்டுகிறவருக்கே அது தெரியும். அந்தப் பவர் எங்கிருந்து வருகிறது, அதைக் கம்பெனி ஏன் கொடுக்காமல் நிறுத்தி வைத்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

விடை தேடி வெகுதூரம் போக வேண்டாம். மைசூர் சாலையில் பிடதி வரை போனால் போதும். அங்கேதான் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் தயாராகிறது. 2022-இல் நம் சந்தைக்கு வந்த வண்டி. 2.8 லிட்டர் டீசல் இன்ஜின், 204 குதிரைத்திறன். மேனுவல் கியர் வண்டியில் அதன் இழுவிசை 420 நியூட்டன் மீட்டர். அதே இன்ஜின் ஆட்டோமேட்டிக் கியரோடு வந்தால் 500. இன்ஜின் ஒன்றே, கம்பெனியும் ஒன்றே, இடையில் 80 குறைகிறது. ஆக, லாக் இருப்பது உண்மைதான். ஆனால் அது நம்மை ஏமாற்றப் போட்ட பூட்டு அல்ல. கிளட்ச் பிளேட்டும் கியர்பாக்ஸும் வண்டியின் ஆயுள் முழுக்கத் தாங்க வேண்டும் என்று கணக்குப் பார்த்து நிறுத்திய எல்லை. விலை பிரிப்பதற்காக ஒரே இன்ஜினை இரண்டு விதமாக விற்கும் கம்பெனிகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவற்றிலும் பவர் கூடிய வண்டியில் டர்போ, இன்டர்கூலர், கிளட்ச் என்று ஏதாவது ஒன்று பெரும்பாலும் பெரிதாக இருக்கும். சிப்பு விற்கிறவர் அதில் எதையும் மாற்றித் தருவதில்லை.

அவர் செய்வது என்ன? பெரும்பாலான கடைகளில் 'சிப்பு' என்று தருவது தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய கறுப்புப் பெட்டி. இன்றைய டீசல் இன்ஜினில் காமன் ரெயில் என்று ஒரு தடித்த குழாய் இருக்கிறது. அதற்குள் டீசல் 1,600, 2,000 பார் வரை அழுத்தத்தில் நிற்கும். குழாயின் முனையில் அழுத்தத்தை அளக்கும் சென்சார் இருக்கும். அதன் கனெக்டரைப் பிடுங்கி, நடுவில் பெட்டியைச் செருகுகிறார்கள். பத்து நிமிட வேலை. அதன் பிறகு சென்சார் சொல்வதைக் குறைத்துக் கம்ப்யூட்டரிடம் சொல்வதுதான் பெட்டியின் தொழில். அழுத்தம் போதவில்லை என்று நம்பி கம்ப்யூட்டர் இன்னும் ஏற்றுகிறது. இன்ஜெக்டர் வழியாகக் கூடுதல் டீசல் உள்ளே போகிறது. கூடுதல் பவர் என்பது இந்தக் கூடுதல் டீசல்தான், வேறொன்றுமில்லை. அழுத்தம் எல்லை மீறினால் இன்ஜினைத் தணித்துக் காப்பாற்ற வேண்டியதும் இதே கம்ப்யூட்டர்தான். பெட்டி அதன் கண்ணைக் கட்டிவிடுகிறது.

இன்னும் மலிவான ஒரு வகை இருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகும் பிளக். ஒன்றை வாங்கி நானே உடைத்துப் பார்த்தேன். மூன்று விளக்கு, ஒரு பொத்தான், அவற்றை மினுக்க ஒரு சின்னச் சில்லு. வண்டியோடு பேசுவதற்கான சில்லே அதில் இல்லை.

மைலேஜ் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அதிகம் கோபம் வருவது இதில்தான், ஏனென்றால் இது ஏழை ஓட்டுநரின் சட்டைப்பையில் கை வைக்கிறது. என் பெரியம்மா மகன் ராயக்கோட்டையில் தக்காளி ஏற்றி ஓசூர் வழியாகக் கலாசிபாளையம் சந்தைக்கு ஓட்டுகிறான். பெட்டி மாட்டிய முதல் வாரம் போன் செய்தான். "அண்ணா, மீட்டர்ல 14 காட்டுதுண்ணா. முன்னாடி 12தான் வந்துச்சு." அவன் பொய் சொல்லவில்லை, மீட்டரில் அப்படித்தான் காட்டியது. ஆனால் டேங்க்கில் எவ்வளவு குறைந்தது என்று மீட்டர் பார்ப்பதில்லை. எவ்வளவு டீசலைத் தெளித்தோம் என்று கம்ப்யூட்டர் போடும் கணக்கைத்தான் அது காட்டுகிறது. அந்தக் கணக்குக்கு அடிப்படையே, பெட்டி குறைத்துச் சொன்ன அழுத்தம். உள்ளே போன டீசல் அதிகம், கணக்கில் ஏறியது குறைவு. ஓசூரில் ஒரே பங்க்கில் டேங்க்கை வாய் வரை நிரப்பி, மூன்று நடை ஓட்டி, மறுபடியும் அங்கேயே நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை லிட்டரால் வகுத்தோம். 11-க்கும் கீழே வந்தது.

ஐந்தாவது மாதம் ராயக்கோட்டை சாலை மேடு ஒன்றில் லோடோடு நின்றுவிட்டான். கியரைக் கழற்றி இறக்கியபோது நானும் பக்கத்தில் இருந்தேன். கிளட்ச் பிளேட் கரிந்து முழு மொட்டையாகியிருந்தது. பிரஷர் பிளேட் நீலம் பாய்ந்திருந்தது. பெட்டி விற்ற கடைக்காரர், "ஓவர்லோடு ஏத்தியிருப்பீங்க" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். லோடு என்றைக்கும் ஏற்றும் அதே லோடுதான். அன்று சந்தைக்குப் போகாத தக்காளிக்கு யாரும் காசு தரவில்லை.

பெங்களூருக்காரர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. சென்னையோடு ஒப்பிட்டால் இங்கே காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு. சென்னையில் கிடைக்கும் அதே இழுவையை இங்கே தர டர்போ ஏற்கெனவே கூடுதல் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. கம்பெனி விட்டுவைத்த இடைவெளியில் ஒரு பங்கை இந்த ஊரின் உயரமே தின்றுவிட்டது. மிச்சத்தையும் சிப்பு தின்றால் டர்போ எத்தனை நாள் தாங்கும்? 1951-இல் தொடங்கிய மைக்கோ, இன்றைய பாஷ், டீசல் பம்பும் இன்ஜெக்டரும் செய்து வளர்ந்த நகரம் இது. இன்ஜின் கம்ப்யூட்டருக்கு மென்பொருள் எழுதும் பொறியாளர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். வெயில், குளிர், மலை, மட்ட டீசல் எல்லாவற்றையும் சோதித்து மாதக்கணக்கில் அவர்கள் வகுக்கும் எல்லையை, பத்து நிமிடத்தில் ஒருவர் "சும்மா போட்ட லாக்" என்கிறார். நாம் அவரை நம்புகிறோம்.

பவரை அளக்கும் டைனோ கருவியில் வண்டியை ஏற்றி, புகையின் சூட்டை அளந்து, இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளைப் பொறுப்போடு மாற்றி எழுதி ரீமேப் செய்கிறவர்கள் இந்த ஊரில் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். பந்தயத் தடத்தில் ஓடும் வண்டிக்கு அது தேவையும்கூட. ஆனால் அவர்களில் நேர்மையானவர் ஒருவரும் "எதுவும் தேயாது" என்று சொல்லமாட்டார். கிளட்சை மாற்று, பிரேக்கை மாற்று என்றுதான் முதலில் சொல்வார்.

அடுத்தது புகை. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் கரியைப் பிடித்து எரிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி வந்துவிட்டது. கூடுதல் டீசலை ஊற்றினால் கரி கூடும், வடிகட்டி சீக்கிரம் அடைக்கும். அப்போது அதே கடைக்காரர், "வடிகட்டியையே எடுத்துடலாம், சாஃப்ட்வேரில் ஆஃப் பண்ணிடறேன்" என்பார். அமெரிக்கா இந்த வழியில் நடந்து பார்த்துவிட்டது. சுமார் பத்து ஆண்டுகளில் 5.5 லட்சத்துக்கும் அதிகமான டீசல் பிக்கப்புகளில் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் நீக்கப்பட்டதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-இல் கணக்கிட்டது. அதனால் கூடிய நச்சு, சாலையில் 90 லட்சம் பிக்கப்புகளைப் புதிதாக இறக்கிவிட்டதற்குச் சமம் என்றும் சொன்னது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இலேயே அறிவித்துவிட்டது. சில்க் போர்டு நெரிசலில் பிக்கப்புக்குப் பின்னால் ஸ்கூட்டரில், மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். நம் புகைச் சோதனை மையங்களில் இது எளிதில் பிடிபடாது. வண்டியை நிறுத்தி வைத்து ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்க்கிறார்கள். மூட்டையோடு மேடு ஏறும்போது கக்குவதை யாரும் அளப்பதில்லை.

சட்டத்திலும் சந்தேகத்துக்கு இடமில்லை. தயாரித்தவர் குறித்த விவரங்களிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்த்தார்கள். விபத்து நடந்தால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இழப்பீட்டை மறுக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வழி திறந்துவிடுவதும் நாமே.

பெட்டி மாட்டியிருக்கும் ஓட்டுநர் அண்ணன் தம்பிகளிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்னை நம்ப வேண்டாம், மீட்டரையும் நம்ப வேண்டாம். ஒரு வாரம் பெட்டியோடும், அடுத்த வாரம் அதைக் கழற்றிவிட்டும், அதே சாலையில் அதே லோடோடு ஓட்டுங்கள். ஒரே பங்க்கில் டேங்க்கை வாய் வரை நிரப்பி, லிட்டரையும் கிலோமீட்டரையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்தத் தாளைப் பார்த்த அன்றே என் தம்பி பெட்டியைக் கழற்றியிருந்தால் கிளட்ச் பிழைத்திருக்கும்.