எந்தப் பல் மருத்துவரிடம் போவது? உறுப்பினர்களின் கோரிக்கை குறித்துச் சங்கத்தின் நிலைப்பாடு

நம்பகமான பல் மருத்துவர்களின் பட்டியல் ஒன்றைச் சங்கமே வெளியிட வேண்டும் என்ற கோரிக்கையை நிர்வாகக் குழு இப்போதைக்கு ஏற்கவில்லை. இதில் பல உறுப்பினர்களுக்கு மனத்தாங்கல் உண்டு என்பது குழுவுக்குத் தெரியும். வாணியம்பாடிச் செய்தி வந்ததிலிருந்து, கடைவாய்ப்பல் வலித்தால்கூட மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நாளைக் கடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பெயர்ப் பட்டியல் சரியான பதில் ஆகாது என்பதே குழுவில் பெரும்பான்மையோர் கருத்து. மாற்றுக் கருத்தும் பதிவாகியிருக்கிறது.

நடந்தது என்ன என்பதை மீண்டும் விரிவாகச் சொல்லத் தேவையில்லை. பதிவுக்காகச் சில வரிகள் மட்டும். 2022, 2023ஆம் ஆண்டுகளில் திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரே பல் கிளினிக்கோடு தொடர்புடைய 10 பேருக்கு, மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் தொற்று வந்தது. அவர்களில் 8 பேர் இறந்தார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, ஐ.சி.எம்.ஆர்., மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் இதை ஆராய்ந்தார்கள். தொற்று போன வழி என்று அவர்கள் காட்டியது ஒரு சலைன் பாட்டிலை. ஈறை எலும்பிலிருந்து விலக்கப் பயன்படும் கருவியாலேயே பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள். பஞ்சை வைத்து அடைத்திருக்கிறார்கள். மிச்சத்தை அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் வரைவின் மொழியைத் தணிக்க வேண்டும் என்று குழுவில் சிலர் கேட்டுக்கொண்டார்கள். இயன்ற அளவு தணிக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் விடமுடியாதது ஒன்று உண்டு: ஒரு சலைன் பாட்டிலின் விலை சில பத்து ரூபாய். அதை நோயாளிக்கு ஒன்றாக உடைப்பதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், வெளிநாட்டு இயந்திரம் வேண்டாம், மேற்படிப்பும் வேண்டாம். பல் மருத்துவப் படிப்பில் பாலபாடமாகச் சொல்லித்தரப்படும் ஒழுங்கு அது. அந்த ஒழுங்கு இல்லாததால் 8 குடும்பங்கள் ஆளை இழந்து நிற்கின்றன. பல்லுக்காகப் போனவர்கள் அவர்கள்.

மெலியாய்டோசிஸை உண்டாக்கும் பாக்டீரியா மண்ணிலும் நீரிலும் இயல்பாக வாழ்வது. மழைக்காலத்தில் வயலில் இறங்குகிறவர்களுக்குக் காலிலுள்ள புண் வழியாகத் தொற்றும். சர்க்கரை நோயாளிகளை எளிதில் பிடிக்கும். பல்லைப் பிடுங்கிய குழிக்குள் அது நேரடியாகப் போய்விட்டால், முகத்து நரம்புகளின் வழியே மூளைத்தண்டை எட்டிவிடக்கூடும். பல்வலிக்கு வழக்கமாக எழுதித்தரும் அமாக்சிசிலின் அதனிடம் எடுபடாது. அதற்கான மருந்துகள் வேறு. ஊசிவழியே குறைந்தது இரண்டு வாரம், பிறகு மாதக்கணக்கில் மாத்திரை. நோய் இன்னதென்று முதலில் யாராவது சந்தேகித்தால்தான் அந்த மருந்தே தொடங்கும். அதோடு, இந்தத் தொற்று சிலரது உடலில் மாதக்கணக்கிலும், அரிதாக ஆண்டுக்கணக்கிலும் பதுங்கியிருந்து பின்னர் தலைகாட்டக்கூடியது.

அதனால்தான் தகவல் சொல்வது முக்கியம். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் துல்சா நகரில் 2013இல் ஒரு பல் அறுவை சிகிச்சை நிலையத்தில் கருவிச் சுத்தம் மோசம் என்று தெரிந்ததும், அங்கு சிகிச்சை பெற்ற சுமார் 7,000 பேருக்குச் சுகாதாரத் துறையே கடிதம் எழுதியது. இரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தது. கலிபோர்னியாவின் அனகைமில் 2016இல் பால்பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொண்ட 70க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சிகிச்சை நாற்காலியின் தண்ணீர்க் குழாய் வழியாகத் தொற்று வந்தபோதும் செய்தி உடனே ஊருக்குத் தெரிந்தது. பெற்றோர்கள் குழந்தையின் கன்னத்தில் வீக்கம் தெரிகிறதா என்று பார்க்கத் தொடங்கினார்கள். வாணியம்பாடிச் சங்கதியோ, 2025இல் ஆய்வுக் கட்டுரை வெளியாகி, அது செய்தியான பிறகுதான் பொதுமக்களில் பெரும்பாலோர் காதுக்கு வந்தது. இரண்டு ஆண்டுகள்! அந்தக் கிளினிக்கின் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்த மற்றவர்களில் எத்தனை பேருக்குக் கடிதம் போனது, எத்தனை பேரிடம் காய்ச்சல், தலைவலி வந்தால் உடனே சொல்லுங்கள் என்று சொல்லப்பட்டது? பீதி கிளம்பக் கூடாது என்ற காரணம் சொல்லப்படலாம். அதை முழுவதும் மறுக்கச் சங்கம் விரும்பவில்லை. ஆனால் மக்களின் பீதியைத் தணிக்க மக்களிடமிருந்தே உண்மையை மறைப்பதைச் சங்கம் எந்த நிலையிலும் ஏற்காது.

பெரும்பாலான பல் மருத்துவர்கள் ஒழுங்காகவே தொழில் செய்கிறார்கள் என்பதில் சங்கத்துக்கு ஐயமில்லை. அவர்களைக் கண்டு உறுப்பினர்கள் ஒதுங்க வேண்டியதில்லை, ஒதுங்குவதும் ஆபத்துதான். கீழ்த்தாடைப் பல்லின் சீழ் கழுத்துக்கு இறங்கினால் மூச்சே அடைத்துப்போகலாம்.

பட்டியலுக்கு வருவோம். வாணியம்பாடியில் நடந்ததை வெளியே தொங்கும் பலகையைப் பார்த்தோ, மருத்துவரின் கனிவான பேச்சை வைத்தோ யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. கோளாறு இருந்தது கருவி கழுவும் இடத்திலும் பாட்டில் வைத்த மேசையிலும். உள்ளே போய்ச் சோதிக்கும் அதிகாரம் சங்கத்துக்கு இல்லை. சோதிக்காமல் பெயரை அச்சிட்டால், நாளை அங்கே ஒன்று நடந்தால் பழியில் பாதி சங்கத்தையே சேரும். அதிகாரம் உள்ள துறை இருக்கிறது. தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டமும் 2018இல் வந்த விதிகளும் பல் கிளினிக்குகளுக்கும் பொருந்தும். பட்டியல் அங்கிருந்து வர வேண்டும்: பதிவு பெற்றவை எவை, எப்போது ஆய்வு செய்யப்பட்டன, என்ன குறை கண்டார்கள் என்ற விவரத்தோடு, தமிழில், மாவட்டவாரியாக. இதுவே சங்கத்தின் முதல் கோரிக்கை.

அது வரும்வரை உறுப்பினர்கள் என்ன செய்வது? கேட்க வேண்டும். மருத்துவரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்ற கூச்சம் நம் ஊர்களில் ஆழமாக இருக்கிறது. அதை விட்டாக வேண்டும். மாநிலப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவு எண் சுவரில் இருக்கிறதா என்று பார்க்கலாம். கருவிகள் ஆட்டோகிளேவில் வைத்து எடுத்த உறையோடு வருகின்றனவா, உறை நம் கண்ணெதிரே பிரிக்கப்படுகிறதா, உறையின் மேலுள்ள அடையாளம் நிறம் மாறியிருக்கிறதா என்று கவனிக்கலாம். ஆட்டோகிளேவ் என்பது 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் அழுத்தத்தோடு கால் மணி நேரத்துக்குக் குறையாமல் வைக்கும் முறை. வெந்நீரில் கொதிக்க வைப்பதும் ஸ்பிரிட்டால் துடைப்பதும் அதற்கு ஈடாகாது. பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸுக்கும் இதே விதிதான். பல் பிடுங்குவதோ ஈறை அறுப்பதோ என்றால், சலைன் பாட்டிலைப் புதிதாகத் திறக்கச் சொல்லலாம். சர்க்கரை நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிற கிளினிக்கிலிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது என்று சங்கம் கருதுகிறது. ‘கருதுகிறது’ என்பதற்கு மேல் போகக் குழுவில் உடன்பாடு ஏற்படவில்லை.

படிக்காமலே பல் செட் கட்டுகிறவர்களைப் பற்றிச் சங்கத்தின் பழைய நிலைப்பாட்டில் மாற்றம் இல்லை. பதிவில்லாமல் பல் மருத்துவத் தொழில் செய்வது சட்டப்படி குற்றம்.

காலையிலும் இரவு படுக்கும் முன்பும் பல் துலக்குவது, ஹான்ஸ், குட்கா ஆகியவற்றைக் கைவிடுவது, ஃபுளோரைடு மிகுந்த தர்மபுரி, கிருஷ்ணகிரி ஊர்களில் ஆழ்குழாய்த் தண்ணீரை விட்டு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையே குடிப்பது ஆகியவை பற்றி முந்தைய அறிக்கைகள் சொன்னவை அப்படியே நிற்கின்றன.

சிகிச்சை எங்கே கிடைக்கிறது என்பது இன்னொரு பிரச்சினை. தமிழ்நாட்டில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை ஆகிய மூன்று ஊர்களில்தான் உள்ளன. வடமேற்கு மாவட்டங்களுக்கு ஒன்றுகூட இல்லை. ஆம்பூரிலோ நாட்றம்பள்ளியிலோ இருக்கிற கூலித் தொழிலாளி, ரூட் கெனால் செய்துகொள்ள ஒரு நாள் சம்பளத்தை விட்டுச் சென்னைக்குப் பலமுறை போய்வர மாட்டார். பக்கத்துத் தெருக் கிளினிக்குக்குத்தான் போவார். தாலுகா அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவில் பிடுங்குவதோடு நில்லாமல், பல்லைக் காப்பாற்றும் சிகிச்சையும் முடிந்தவரை விரைவில் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது இரண்டாவது கோரிக்கை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் சங்கம் மாவட்டந்தோறும் மனு அனுப்புகிறது. பதிவு பெற்ற பல் கிளினிக்குகள் எத்தனை, 2023க்குப் பிறகு ஆய்வு செய்யப்பட்டவை எத்தனை, ஆட்டோகிளேவ் இல்லாமல் பிடிபட்டவை எத்தனை, அவற்றின் மீது எடுத்த நடவடிக்கை என்ன என்பவை கேள்விகள். சட்டம் தரும் கெடு 30 நாள். வரும் பதில்கள் வந்தபடியே உறுப்பினர்களுக்கு அச்சிட்டுத் தரப்படும். பதில் தராத மாவட்டங்களின் பெயர்களும் அதே பக்கத்தில் இருக்கும். பட்டியல் கோரிக்கையை அதன் பிறகு கூடும் பொதுக்குழு மீண்டும் எடுத்துக்கொள்ளும்.