முழங்கையைத் தூக்காதே, பாப்பா!

மைதானத்துப் பக்கம் போனால் ஒரே கூச்சல்: "முழங்கையைத் தூக்கு! தூக்கு!" சாஃப்ட்பால் ஆடும் என் பேத்தியும் கோழி இறக்கையை விரித்தாற்போல் வலது முழங்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். யார் கிளப்பிவிட்ட வேதமோ இது!

பெண்கள் சாஃப்ட்பாலில் பந்து வீசுமிடம் 43 அடி தூரத்தில்தான். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் சுமார் அரை நொடி அவகாசம். தூக்கிய முழங்கை முதலில் விலாவோரம் இறங்கியாக வேண்டும். அதற்குள் பந்து வந்துவிடும். அவசரத்தில் மட்டையின் தலை சரிந்து, பந்து வானத்துக்குப் போய் எதிரணியின் கையில் விழும். குழந்தைக்குத் திட்டு வேறு.

கிரிக்கெட்டில் நேர்மட்டைக்கு முன் முழங்கை உயரலாம். இது பக்கவாட்டில் சுழற்றும் ஆட்டம். நம் கச்சிராயபாளையத்தில் கோடாலியால் அடிமரத்தை வெட்டுகிறவரைப் பாருங்கள். வெட்டு விழும்போது ஒரு உள்ளங்கை வானம் பார்க்கும், மற்றது பூமி பார்க்கும். மட்டை பந்தைத் தொடும்போதும் அதேதான். மணிக்கட்டு புரளுவது பந்து போன பிறகு. முந்திப் புரட்டினால் பந்து தரையில் உருளும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் பெத்தாங்க் பார்த்திருக்கிறேன். உள்ளங்கை கீழே பார்க்க எறிந்தால்தான் குண்டு பின்சுழன்று நிற்கும். அதை யாரும் கத்திச் சொல்லித் தரவில்லை.

பயிற்சியாளர் ஐயா, பன்னிரண்டு வயசுப் பிள்ளையிடம் கனமான மட்டையைக் கொடுத்துவிட்டு முழங்கையைத் திட்டாதீர்கள். இலேசான மட்டை கொடுங்கள். இடுப்புயரக் கம்பின்மேல் பந்தை வைத்து, முழங்கை தளர்ந்து கைகள் உடம்பையொட்டி வர, தினம் ஐம்பது தடவை அடிக்கட்டும். கத்தலை நாங்கள் காக்கைகளிடம் கேட்டுக்கொள்கிறோம்.