பாட்டிலுக்காக மட்டும் போன வீடு

வேலூர்ப் பக்கத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர் விழுந்துவிட்டது. எங்கள் ஊர் அவ்வளவு பேர் பெற்றதில்லை. ஆனாலும் தெருவுக்கு நான்கு மிலிட்டரி வீடு உண்டு. அந்த வீடுகளுக்கு நாங்கள் செய்யத் தவறியதை எழுதுகிறேன். எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நாற்பது வருஷமாக இந்தத் தெருவில் இருப்பவன், பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் சொல்ல வேண்டிய பொறுப்பு எனக்கு இருக்கிறது.

லீவில் வருகிறவரிடம் நாங்கள் கேட்டது இரண்டே கேள்வி. எப்ப வந்தீங்க, எப்ப போறீங்க? அதற்கடுத்து கேன்டீன் சரக்கு. டிரங்குப் பெட்டி திறப்பதற்குள் திண்ணையில் ஆள் உட்கார்ந்திருக்கும். பனியில் ஒரு குளிர்காலம் முழுக்க நின்றுவிட்டு வந்தவர் எப்படித் தூங்குகிறார் என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

அவர் மனைவிக்கு நாங்கள் செய்தது இதைவிட மோசம். காவல் இருப்பதாக நினைத்துக்கொண்டு வேவு பார்த்தோம். வாசலில் நின்ற வண்டி யாருடையது, கடைத்தெருவிலிருந்து திரும்ப ஏன் இவ்வளவு நேரம் என்று கணக்கு வைத்தோம். புருஷன் எல்லையில் இருக்கும்போது இவளுக்கு மல்லிப்பூ கேட்கிறதா என்று பேசியது எங்கள் வீட்டுத் திண்ணையில்தான். நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

2016 பிப்ரவரி 3. சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19வது பட்டாலியன் ஆட்கள் பத்துப் பேரைப் பனிச்சரிவு மூடியது. அதில் ஒருவர் எங்கள் மாவட்டத்துக்காரர். எதிர்வீட்டு அக்காவின் கணவர் அப்போது லடாக்கில் எங்கேயோ இருந்தார், போன் கிடைக்கவில்லை. தெருவில் எல்லா வீட்டு டிவியும் சத்தமாக ஓடியது. அக்காவைக் கடக்கும்போதெல்லாம் "ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டோம். ஒரு நாளில் இருபது முறை கேட்டிருப்போம். ராத்திரி துணைக்குப் படுக்க ஒருவரும் போகவில்லை. மூன்றாம் வகுப்புப் படித்த மகனோடு அந்த அக்கா நான்கு ராத்திரி தனியாக விழித்திருந்தார். ஐந்தாம் நாள் போன் வந்தது, கணவர் வேறு இடத்தில் பத்திரமாக இருந்தார். நாங்கள் நிம்மதியாக டிவியை அணைத்துவிட்டோம்.

அக்காவுக்கு அது அணையவில்லை. போன் மணி அடித்தால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், சோறு இறங்காது. கணவருக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே, அப்புறம் என்ன என்றோம். காற்று கறுப்பு என்று சொல்லி வேப்பிலை அடிக்கக் கூட்டிப் போனதும் நாங்கள்தான். அந்தப் பையன் வகுப்பில் அழுதபோது, மிலிட்டரிக்காரர் பிள்ளை அழலாமா என்று அதட்டிய ஆசிரியர் நான். அவன் அதன் பிறகு என் முன்னால் அழவே இல்லை. அதைத் திருத்தம் என்று அன்றைக்கு எண்ணிக்கொண்டேன்.

பதினேழு வருஷம் முடித்து அக்காவின் கணவர் திரும்பியபோது நாற்பதுகூட ஆகவில்லை. வேலூரில் ஒரு வங்கி வாசலில் காவல் வேலை. ராத்திரி நாலைந்து தரம் எழுந்து தாழ்ப்பாளைச் சரிபார்ப்பார். தீபாவளி அன்றைக்குக் கழனியில் மோட்டார் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துவிடுவார். ஊரின் பெருமை என்று சொல்லிப் பத்தாயிரம்வாலாவை அவர் வாசலில்தான் கொளுத்தினோம். பட்டாளத்தானே பட்டாசுக்குப் பயப்படுகிறான் என்று சிரிக்கவும் செய்தோம்.

இந்தப் பக்கத்துப் பழைய ஊர்கள் சிலவற்றில் முதல் உலகப் போர் நினைவுக்கல் இருக்கிறது. 1914-1919இல் எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் மாண்டார்கள் என்று இரண்டு எண் செதுக்கியிருப்பார்கள். திரும்பி வந்து எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்குக் கல்லில் இடமில்லை. எங்கள் மனசிலும் இடம் இருக்கவில்லை.

உதவியே இல்லாமலும் இல்லை. 2003இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் அட்டை அக்கா வீட்டில் இருக்கிறது. அதில் மனைவிக்கும் பிள்ளைக்கும் இடமுண்டு, மனநல சிகிச்சையும் உண்டு. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்கத்தான் அது பயன்பட்டது. அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவன் நான். மனநோய்க்கும் இது செல்லும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. 2022 அக்டோபரிலிருந்து டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். 2023 டிசம்பரில் படைவீரர்களுக்கும் குடும்பத்துக்கும் என்றே புனேயில் தனிப் பிரிவு திறந்தார்கள். எங்கள் ரேஷன் கடைச் சுவரில் கட்சிப் பெயர்களுக்கெல்லாம் இடம் இருந்தது. அந்த ஐந்து இலக்கத்தை யாரும் எழுதவில்லை.

இப்போது அந்த அக்காவின் மகன் விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடுகிறான், அக்னிவீர் தேர்வுக்கு. நான்கு வருஷ வேலை. நால்வரில் ஒருவருக்குத்தான் அதற்கு மேல் நீடிக்க வழி. மற்றவர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை, அப்பாவிடம் இருக்கும் அந்த மருத்துவ அட்டையும் இல்லை. 2022 கடைசியில் சேரத் தொடங்கிய முதல் அணிகளுக்கு 2026 கடைசியிலிருந்து நான்கு வருஷம் முடிகிறது. நீடிக்காதவர்கள் இருபதுகளிலேயே ஊர் திரும்பப் போகிறார்கள். அவர்களை எதிர்கொள்ள எங்களுக்குத் தெரிந்தது மாலையும் பேனரும்தான்.

தேர்வுக்கான 1.6 கிலோமீட்டரை எத்தனை நிமிஷத்தில் ஓடினாய் என்று அந்தப் பையனைத் தினமும் கேட்கிறோம். போன வாரம் அவன் ஓடிவிட்டு வருவதற்குள் அக்காவின் வாசலில் நின்றேன். ராத்திரி தூங்கினீங்களாக்கா என்று கேட்டேன்.

"பத்து வருஷம் கழிச்சிக் கேக்குற, தம்பி" என்றார். பிறகு திண்ணையில் கிடந்த துணிகளை ஒதுக்கி, உட்காரச் சொன்னார்.