செத்தவர் சொல்லுக்குச் சாட்சி

என் பெரியப்பா கும்பகோணத்தில் காலமானார். அதே வருஷம் சித்தப்பா திருவல்லிக்கேணியில் காலமானார். இருவரும் உயில் எழுதி வைத்திருந்தார்கள். அண்ணன் எழுதியதைப் பார்த்துத்தான் தம்பி எழுதினார். வாசகம்கூட அநேகமாக ஒன்றேதான். நல்ல நினைவோடும் சுயபுத்தியோடும், யாருடைய தூண்டுதலும் இல்லாமல் எழுதுவதாக ஆரம்பித்து, குடியிருக்கும் வீட்டையும் கையிருப்பையும் மனைவிக்கு விட்டு, இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு முடிகிற ஒரு பக்கத்துச் சமாசாரம். இரண்டிலும் எக்ஸிக்யூட்டர், அதாவது உயிலை நிறைவேற்றி வைக்க வேண்டியவன், நான். குடும்பத்தில் பேனா பிடித்துப் பிழைக்கிறவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

பெரியப்பாவின் உயில் இரண்டு மாதத்தில் தன் வேலையை முடித்துக்கொண்டது. உயிலையும் இறப்புச் சான்றிதழையும் காட்டினோம். வீட்டு வரி பெரியம்மா பேருக்கு மாறிற்று. சித்தப்பாவின் உயிலுக்கு இரண்டு வருஷமும் நாலு மாதமும் பிடித்தது.

சித்தப்பா என்ன தப்புச் செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. சென்னைப் பட்டணத்துக்குள் ஒரு வீட்டை வாங்கி, சென்னைப் பட்டணத்திலேயே உட்கார்ந்து உயில் எழுதினார். அவ்வளவுதான்.

இந்த விசித்திரத்துக்கு ஒரு வம்சாவளி உண்டு. 1870-இல் வெள்ளைக்காரச் சர்க்கார் ஹிந்து உயில்களுக்கென்று ஒரு சட்டம் செய்தது. வங்காளத்திலும், சென்னை, பம்பாய் நகரங்களின் ஹைக்கோர்ட்டு எல்லைக்குள்ளும் எழுதப்படும் உயில்களுக்கும், அந்த எல்லைக்குள் இருக்கும் வீடு வாசல்களைப் பற்றிய உயில்களுக்கும் கோர்ட்டின் அத்தாட்சி வேண்டும் என்றது. அதற்குத்தான் புரொபேட் என்று பெயர். 1925-இல் வந்த இந்திய வாரிசுரிமைச் சட்டம் அந்தக் கோட்டை அழிக்காமல் அப்படியே சுவீகரித்துக்கொண்டது. புரொபேட் இல்லாமல் உயிலின்படி பாத்தியதை கொண்டாட முடியாது என்று அதன் 213-ஆவது பிரிவு சொல்லிற்று. ஹிந்து, பௌத்தர், சீக்கியர், ஜைனர் ஆகியோர் கோட்டுக்குள் இருந்தால் மாட்டிக்கொண்டார்கள். 1962-இல் பார்ஸிகளையும் சேர்த்தார்கள். முஸ்லிம்களுக்கு ஆதியிலிருந்தே இது கிடையாது. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002-இல் விலக்குக் கிடைத்தது. மதுரைக்காரருக்கு மதுரை வீட்டைப் பற்றி இந்தக் கவலையே இருந்ததில்லை. ஆக, செத்தவர் சொல் நம்பத் தக்கதா என்பதை அவருடைய யோக்கியதை தீர்மானிக்கவில்லை. மதமும் முனிசிபல் எல்லைக்கல்லும் சேர்ந்து தீர்மானித்தன. இந்தப் பிரிவை எதிர்த்து வழக்கும் நடந்தது. 2001-இல் சுப்ரீம் கோர்ட்டு அது செல்லும் என்றே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

என் அநுபவத்துக்கு வருகிறேன். முதலில் அசல் உயிலைக் கோர்ட்டில் ஒப்படைக்க வேண்டும். ஸ்தாவர ஜங்கமச் சொத்துக்களுக்கெல்லாம் ஜாபிதா எழுதி, மதிப்புப் போட்டு, அந்த மதிப்புக்குத் தகுந்த கட்டணம் கட்ட வேண்டும். புனாவில் இருக்கும் பிள்ளையும் சேலத்தில் இருக்கும் பெண்ணும், "எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். கொடுத்தார்கள். பிறகு, ஆட்சேபிக்கிறவர்கள் யாராவது உண்டா என்று பத்திரிகையில் விளம்பரம். பெற்ற பிள்ளைகளே சம்மதித்த பிறகு, ஊரிலே போகிறவனைக் கூப்பிட்டு, "உனக்கு ஏதாவது சந்தேகம் உண்டா அப்பா?" என்று கேட்கிற மரியாதை இது. ஒருவரும் வரவில்லை.

அப்புறம் சாட்சி. இரண்டு சாட்சிகளில் ஒருவர் சித்தப்பாவுக்கு முன்பே போய்விட்டார். மற்றவர் எதிர்வீட்டுக்காரராக இருந்தவர். பிள்ளையோடு ஓசூருக்குப் போய்விட்டிருந்தார். எண்பத்திரண்டு வயது. இரண்டு தடவை ஓசூர் போனேன். முதல் தடவை அவருக்கு ஜுரம். இரண்டாம் தடவை பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். கை நடுங்கிற்று. உயிலில் இருந்த கையெழுத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். வக்கீல் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "சமாளிக்கலாம் சார்" என்றார். ஓர் உண்மையைச் சமாளிக்க வேண்டியிருப்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இதற்கிடையில் சித்தியின் பாடு என்ன? சித்தப்பா ஒரு பாங்கியில் போட்டிருந்த பணத்துக்கு நாமினி பெயர் எழுத மறந்துவிட்டார். "புரொபேட் வரட்டும் அம்மா" என்றார்கள் அங்கே. மாடித் தளம் ஒழுகிற்று. செப்பனிடப் பணம் இருந்தது, ஆனால் இல்லை. இரண்டு ஐப்பசி அடைமழைக்கும் கூடத்தில் அண்டாவையும் தவலையையும் வரிசையாக வைத்துவிட்டு, ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்டா, அவர் கையெழுத்து எனக்குத் தெரியாதா? நாற்பத்தாறு வருஷம் மளிகைக் கணக்கு எழுதின கை. என்னைக் கேட்டால் சொல்ல மாட்டேனா?" என்றாள் ஒருநாள்.

"உங்களைக் கேட்க மாட்டார்கள் சித்தி. நீங்கள்தானே சொத்தை அடைகிறவர்" என்றேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

புரொபேட்டுக்குப் பரிந்து பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாதத்தையும் கேட்போம். "நாட்டில் கள்ள உயில்கள் மலிந்து கிடக்கின்றன. கோர்ட்டு ஒரு தடவை பார்த்து முத்திரை போட்டுவிட்டால் பிறகு தகராறு இல்லை, பணம் கொடுக்கிற பாங்கிக்கும் பாதுகாப்பு" என்கிறார்கள். பிந்தியது உண்மைதான். புரொபேட் கிடைத்த உயிலுக்கு ஒரு பலம் உண்டு. வேண்டுகிறவர்கள் தாராளமாக வாங்கிக்கொள்ளட்டும். முந்தியதற்கு ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். கள்ளக் கையெழுத்துப் போடுகிறவர்கள் சென்னை எல்லைக்குள் மட்டும்தான் வசிக்கிறார்களா? கோயமுத்தூரிலும் திருநெல்வேலியிலும் இத்தனை வருஷம் புரொபேட் இல்லாமலே சொத்துக்கள் கைமாறவில்லையா? அங்கே உயிலில் சந்தேகம் இருந்தவன் வழக்குப் போட்டான். சந்தேகம் இல்லாத குடும்பம் தன் காரியத்தைப் பார்த்தது. அதுதான் நியாயம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. புரொபேட் கோர்ட்டு, உயில் உண்மையானதா என்று மட்டும்தான் பார்க்கும். வீடு சித்தப்பாவுக்குச் சொந்தந்தானா என்பது அதன் விசாரணையில் சேராது. நாளைக்கு ஒருவன், "இந்த வீடு என் பாட்டனாருடையது" என்று கிளம்பினால், அதற்கு வேறு வழக்கு, வேறு வாய்தா. இத்தனை பணமும் காலமும் செலவழித்துச் சித்தி வாங்கியது, தன் புருஷன் கையெழுத்து தன் புருஷன் கையெழுத்துத்தான் என்ற ஒரு சான்று!

2025 டிசம்பரில் பாராளுமன்றம் இந்த 213-ஆவது பிரிவை எடுத்துவிட்டது. 1870-லிருந்து கணக்குப் பார்த்தால் 155 வருஷம். நல்ல காரியம், சித்திக்குத்தான் உதவவில்லை. ஆனால் சட்டப் புத்தகத்திலிருந்து ஒரு பிரிவை எடுப்பது சுலபம். மேஜைக்கு அந்தப் புறம் உட்கார்ந்திருக்கிறவர்களின் மனசிலிருந்து எடுப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. அதற்குப் பிறகு, புரசைவாக்கத்து நண்பர் ஒருவர் தம் தகப்பனார் உயிலோடு ஓர் ஆபீசுக்குப் போனார். "புரொபேட் எங்கே?" என்றார்கள். "அந்தப் பிரிவுதான் போய்விட்டதே" என்றார் இவர். "எங்களுக்கு சர்க்குலர் வரவில்லை" என்று பதில் வந்தது. யோசனை கேட்கப்போன இடத்திலும், "எதற்கும் வாங்கி வைத்துவிடுங்களேன்" என்றார்களாம். அந்த "எதற்கும்" என்ற வார்த்தைதான் என்னைப் பயமுறுத்துகிறது. கட்டாயம் போன பிறகு வழக்கம் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டால், சட்டத்தை மாற்றி என்ன பிரயோஜனம்?

நான் சொல்வது இதுதான். உயிலில் சந்தேகப்படுகிறவன் கோர்ட்டுக்குப் போகட்டும். அவன் கட்டணம் கட்டட்டும், அவன் சாட்சி தேடட்டும், அவன் ஓசூருக்குப் பஸ் ஏறட்டும். பிள்ளைகள் சம்மதித்து, ஊர் சும்மா இருக்கும்போது, தாலியை இழந்து உட்கார்ந்திருப்பவளிடம் போய், "உன் புருஷன் பொய் சொல்லவில்லை என்று நிரூபி" என்று சொல்ல எந்தச் சர்க்காருக்கும், எந்த பாங்கிக்கும், எந்தக் குமாஸ்தாவுக்கும் அதிகாரம் இருக்கக் கூடாது. பிரிவு நீங்கிவிட்டது என்பதை ஒவ்வொரு ஆபீசும் தன் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டட்டும். கேட்கிற குமாஸ்தா, எந்தச் சட்டப்படி கேட்கிறோம் என்று எழுதிக் கொடுக்கட்டும்.

புரொபேட் கைக்கு வந்த அன்று சித்தியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். முத்திரை போட்ட காகிதம். கூடவே உயிலின் நகல். சித்தி புரட்டிப் பார்த்தாள்.

"அவர் எழுதின காகிதம் எங்கே?"

"அசல் கோர்ட்டிலேயே இருக்கும் சித்தி. திருப்பித் தர மாட்டார்கள்."

அவள் ஒன்றும் பேசவில்லை. முத்திரைக் காகிதத்தை மடித்து என்னிடமே நீட்டினாள். "இதை நீயே வைத்துக்கொள். அவர் கடைசியாக எழுதினது அதுதான்" என்றாள்.