பில் ரஸ்ஸலை நினைக்கிறவர்கள் முழுதாக நினைக்க வேண்டும்

இன்றைக்குப் பதிவு கொஞ்சம் நீளம். வேலை இருக்கிறவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பத்து நாளாக ஒரே சண்டை. கூடைப்பந்தில் ஜோர்டான் பெரியவரா, லெப்ரான் பெரியவரா என்று. நடுவில் நான் போய் "பில் ரஸ்ஸலை விட்டுவிட்டீர்களே" என்று ஒரு வரி போட்டேன். டெக்ஸாஸில் இருக்கும் என் அக்கா பேரன் உடனே பதில் போட்டான்: "தாத்தா, அவர் சராசரி வெறும் 15 பாயிண்ட். அதுவும் பிளம்பர்களோடும் பால்காரர்களோடும் ஆடியது." கூடவே பத்துச் சிரிப்பு பொம்மை. அந்தச் சிரிப்புக்கு அங்கே பதில் போட இடம் போதாது. அதனால் இங்கே.

நான் ரஸ்ஸலை நேரில் பார்த்தவன் இல்லை. அவர் 1969-ல் ஓய்வு பெற்றார். சென்னைக்குத் தொலைக்காட்சி வந்ததே 1975-ல். நான் அவரைத் தெரிந்துகொண்டது படித்தும், இப்போது யூடியூபில் கிடைக்கும் மங்கலான கறுப்பு வெள்ளைத் துண்டுகளைப் பார்த்தும்தான். ஆனால் நான் கணக்கு வாத்தியார். ஒருவன் ஒரு எண்ணைக் காட்டி இதுதான் மொத்தம் என்று சொன்னால், எதை எண்ணினீர்கள், எதை எண்ணாமல் விட்டீர்கள் என்று கேட்பது என் பிழைப்பாக இருந்தது.

ரஸ்ஸலுக்கு ஒரு ஆட்டத்துக்குச் சராசரி 15.1 பாயிண்ட். சரிதான். ரீபவுண்ட் 22.5. அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் அல்லவா? 13 பருவத்தில் மொத்தம் 21,620 ரீபவுண்ட். ஆனால் அவருடைய உண்மையான வித்தை எந்த ஏட்டிலும் இல்லை. அது பிளாக். எதிராளி கூடையை நோக்கி எறியும் பந்தைக் காற்றிலேயே தடுப்பது. என்.பி.ஏ. அதை அதிகாரபூர்வமாக எண்ண ஆரம்பித்ததே 1973–74 பருவத்தில்தான். அவர் ஓய்வு பெற்று நாலு வருஷம் கழித்து! விடைத்தாளில் மூன்று பக்கம் திருத்தாமலே மதிப்பெண் போட்ட மாதிரி.

நம் பள்ளிக்கூட சிமெண்ட் தரையில் முழங்காலைத் தேய்த்து ஆடினவர்களுக்கு அடுத்தது உடனே புரியும். பிளாக் என்றால் பொதுவாக எல்லாரும் என்ன செய்வார்கள்? பந்தை ஓங்கி அறைந்து கூட்டத்துக்குள் அனுப்புவார்கள். விசில் பறக்கும். ஆனால் பந்து கோட்டைத் தாண்டிவிட்டால் மறுபடி எதிரணிக்குத்தான். ரஸ்ஸல் அறைய மாட்டார். தட்டுவார். பந்து தன் ஆள் கைக்குப் போகும்படி, அல்லது தானே பிடிக்கும்படி. அங்கிருந்து பாப் கூஸிக்கு ஒரு பாஸ், எதிரணி திரும்பி ஓடுவதற்குள் அந்தப் பக்கம் இரண்டு பாயிண்ட். ஏட்டில் அந்த இரண்டு பாயிண்ட் வேறு யார் பெயரிலோ இருக்கும். ஆரம்பித்து வைத்தவர் பெயர் இருக்காது.

ஒரே ஒரு உதாரணம். 1957 இறுதிச் சுற்று, ஏழாவது ஆட்டம், செயின்ட் லூயிஸ் ஹாக்ஸோடு. ரஸ்ஸலுக்கு அது முதல் வருஷம். ஆட்டம் முடியும் தறுவாயில் ஹாக்ஸின் ஜாக் கோல்மன் தனியாகக் கூடையை நோக்கிப் போகிறார். ரஸ்ஸல் மைதானத்தின் மறு கோடியில். அங்கிருந்து ஓடிவந்து அந்தப் பந்தைத் தடுத்தார். அது விழுந்திருந்தால் கோப்பை கைமாறியிருக்கும். பிறகு இரண்டு ஓவர்டைம் போய் 125–123 என்று பாஸ்டன் ஜெயித்தது. அன்றைய ஏட்டைப் பார்த்தால் டாம் ஹைன்சன் 37 பாயிண்ட் எடுத்தது பளிச்சென்று தெரியும். அந்த ஓட்டமும் அந்தத் தடுப்பும் எந்தக் கட்டத்திலும் இல்லை. பார்த்தவர்கள் வாயில் மட்டும்தான் இருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன்: பழைய ரசிகர்கள் உட்கார்ந்து கதை பேசினால் சிரிக்காதீர்கள். சில விஷயங்களுக்கு அந்தக் கதைதான் பதிவேடு.

எண்ணும்தான் வேண்டும் என்கிறாயா கண்ணா, அதையும் தருகிறேன். ரஸ்ஸல் வருவதற்கு முன் பாஸ்டன் செல்டிக்ஸ் ஒரு கோப்பைகூட வாங்கியதில்லை. அவர் இருந்த 13 பருவத்தில் 11 கோப்பை. அதில் 1959 முதல் 1966 வரை தொடர்ந்து எட்டு. விட்ட இரண்டில் ஒன்று 1958, இறுதிச் சுற்றின் நடுவில் அவருக்குக் கணுக்கால் போன வருஷம். இன்னொன்று 1967, வில்ட் சேம்பர்லெனின் ஃபிலடெல்ஃபியாவிடம். அவர் போன அடுத்த பருவத்தில் செல்டிக்ஸ் பிளேஆஃபுக்கே போகவில்லை. (சாம் ஜோன்ஸும் அதே 1969-ல்தான் ஓய்வு பெற்றார். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு நேர்மையாக இருக்காது.) தொடரின் கடைசி ஏழாவது ஆட்டம் என்று வந்தவை பத்து. பத்திலும் ஜெயம். 1962-ல் லேக்கர்ஸோடு ஆடிய ஏழாவது ஆட்டத்தில் 30 பாயிண்ட், 40 ரீபவுண்ட். பாயிண்ட் எடுக்கத் தெரியாதவர் இல்லை, தேவைப்பட்ட அன்று எடுத்தார்.

"அப்போது எட்டே அணிதானே?" என்று அடுத்த கேள்வி வரும். ஆமாம், அவர் வந்தபோது எட்டு, போகும்போது பதினாலு. கோப்பைக்கு இன்றைக்குப் போல நாலு சுற்று ஆட வேண்டியதில்லை. இது நியாயமான கேள்வி, இதை ஒப்புக்கொள்ளாத பழைய ரசிகர்கள்மேல் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் எட்டு அணி என்றால் எதிரே நிற்கிற ஆட்களும் திரும்பத் திரும்ப அதே பெரிய ஆட்கள்தான். ஒரு பருவத்தில் ஆட்டத்துக்கு 50.4 பாயிண்ட் சராசரி எடுத்த வில்டோடு ரஸ்ஸல் 140 தடவைக்கு மேல் மோதினார். எந்த பிளம்பர் அது?

இதுவரை எழுதியது பேரனுக்கு. இனி எழுதுவது பழைய ரசிகர்களுக்கு. என் மனசில் உண்மையாகவே உறுத்துவது இந்தப் பக்கம்தான்.

2022 ஜூலை 31 அன்று ரஸ்ஸல் தம் 88-வது வயதில் இறந்தபோது எத்தனை புகழ்மாலை! பாஸ்டன் நகர மன்றத்து முன் 2013-லேயே சிலை வைத்திருக்கிறார்கள். "எங்கள் ரஸ்ஸல், எங்கள் ரஸ்ஸல்" என்று வெள்ளைத் தலை வெள்ளைக்காரர்கள் கண்கலங்கப் பேசினார்கள். அவர் ஆடிய காலத்தில் அரங்கம் எப்படி இருந்தது தெரியுமா? வருஷா வருஷம் கோப்பை வாங்கிய அணிக்குப் பல நாள் இருக்கைகள் காலி. அதே அரங்கத்தில் தோற்றுக்கொண்டே இருந்த ஐஸ் ஹாக்கி அணிக்குக் கூட்டம் நிரம்பி வழிந்தது.

அது போகட்டும். டிக்கெட் வாங்குவதும் வாங்காததும் அவரவர் இஷ்டம். பாஸ்டனுக்குப் பக்கத்தில் ரெடிங் என்ற ஊரில் அவர் குடும்பத்தோடு வீடு வாங்கிக் குடியிருந்தார். ஒருநாள் வெளியூர் போய்த் திரும்பினால் வீடு உடைக்கப்பட்டுக் கிடக்கிறது. சுவரில் நிறவெறி வசவு. கோப்பைகள் நொறுக்கப்பட்டிருக்கின்றன. படுக்கையில் மலம். இதை அவர் மகள் கேரன் பின்னாளில் எழுதினார். உலகத்தின் மிகச் சிறந்த சென்டர் படுத்துத் தூங்கும் படுக்கை அது.

1961-ல் கெண்டக்கி மாநிலம் லெக்ஸிங்டனில் ஒரு காட்சி ஆட்டம். தங்கியிருந்த ஹோட்டலின் காபி கடைக்குச் சாம் ஜோன்ஸும் சாட்ச் சாண்டர்ஸும் போகிறார்கள். கறுப்பர்களுக்குப் பரிமாற மாட்டோம் என்கிறார்கள். ரஸ்ஸலும் மற்ற கறுப்பு ஆட்டக்காரர்களும் நாங்கள் ஆடவில்லை என்று சொல்லி விமானம் ஏறிவிட்டார்கள். மார்ட்டின் லூதர் கிங்கின் வாஷிங்டன் பேரணிக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. சம்பளம் போகலாம், வேலை போகலாம், பத்திரிகை கிழிக்கலாம் என்று தெரிந்தும் போனார்கள். டீக்கடையில் தனிக் குவளை வைத்திருந்த ஊரில் வேலை பார்த்தவன் நான். இதைப் படித்தபோது எனக்கு உரை தேவைப்படவில்லை.

ரசிகர்கள் அவரைப் பற்றிச் சொன்ன பெரிய குறை என்ன தெரியுமா? ஆட்டோகிராஃப் போட மாட்டார், தலைக்கனம் பிடித்தவர் என்று. இன்றைக்கும் சிலர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். என் கருத்தைத் தெளிவாகச் சொல்கிறேன்: அவர் செய்தது சரி. ஒரு ஊர் உங்கள் கையெழுத்தைக் கேட்கும், அதே ஊர் உங்களைத் தன் தெருவில் குடிவைக்க மறுக்கும் என்றால் அந்தக் கையெழுத்துக்கு என்ன மரியாதை? தாம் ஆடியது செல்டிக்ஸுக்காக, பாஸ்டனுக்காக அல்ல என்று அவர் பிரித்தே வைத்திருந்தார். நம்மில் பலருக்கு இந்த மாதிரிப் பிரித்துப் பார்ப்பது பிடிக்காது. நமக்குப் பெரிய மனிதர்கள் சிரித்த முகமாக, எல்லாவற்றையும் மறந்தவர்களாக இருக்க வேண்டும். யார் மறக்கச் சொல்கிறார்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் செய்தவர்களும் அவர்களுக்கு வேண்டியவர்களும்தான்.

1972-ல் அவருடைய 6-ம் எண் சட்டையை அரங்கத்தின் கூரையில் ஏற்றினார்கள். பார்வையாளர் யாரும் இல்லாமல்தான் செய்ய வேண்டும் என்று அவர் நிபந்தனை போட்டார். காலி அரங்கம், கூட ஆடிய நண்பர்கள் சிலர், அவ்வளவுதான். 1975-ல் புகழ் மண்டபத்தில் சேர்த்தபோது விழாவுக்கே போகவில்லை. பிற்காலத்தில் மனம் இளகி வந்தார், ஒபாமா கையால் 2011-ல் சுதந்திரப் பதக்கம் வாங்கினார், சிலைத் திறப்புக்கும் வந்தார். எல்லாம் சரி. ஆனால் அந்தக் காலி அரங்கத்தை விட்டுவிட்டு ரஸ்ஸலைப் பற்றி எழுதுகிறவர் பாதி ரஸ்ஸலைத்தான் எழுதுகிறார்.

அணிக்குள் நிலைமை வேறு, அதையும் சொல்ல வேண்டும். 1964 டிசம்பரில் ஐந்து கறுப்பர்களோடு ஆட்டத்தைத் தொடங்கிய முதல் என்.பி.ஏ. அணி செல்டிக்ஸ்தான். 1966-ல் கோச் ரெட் அவர்பாக் விலகியபோது ரஸ்ஸலையே கோச் ஆக்கினார். அந்த லீகின் முதல் கறுப்பு கோச். ஆட்டக்காரராகவும் கோச்சாகவும் இருந்தே கடைசி இரண்டு கோப்பைகளை வாங்கினார். கோச்சுக்கும் ஆட்டக்காரருக்கும் ஆகாது என்று புலம்பும் அணிகளைப் பார்த்திருக்கிறோம். இங்கே இரண்டும் ஒரே ஆள்!

அந்தக் கடைசி ஆட்டம் 1969-ல் லாஸ் ஏஞ்சலஸில், மறுபடியும் ஏழாவது ஆட்டம். லேக்கர்ஸ் ஜெயிக்கப்போகிறது என்று முடிவே கட்டி, கூரையில் வலை கட்டிப் பலூன்களை அடைத்து வைத்திருந்தார்கள். 108–106, பாஸ்டன் ஜெயம். பலூன் கீழே வரவில்லை. அந்த வருஷம்தான் இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது ஆரம்பித்தது. தோற்ற அணியின் ஜெரி வெஸ்டுக்குக் கொடுத்தார்கள். அவர் ஆடிய ஆட்டத்துக்கு அது தகும், குறையில்லை. 2009 முதல் அந்த விருதுக்கு பில் ரஸ்ஸல் பெயர். அவர் ஒருமுறைகூட வாங்காத விருது. வருஷா வருஷம் மேடை ஏறி அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, தமக்கே உரிய அந்தப் பெரிய சிரிப்பைச் சிரிப்பார்.

அதே ஆட்டத்தில் வில்டுக்கு முழங்காலில் அடிபட்டு வெளியே உட்கார்ந்தார். பிறகு ரஸ்ஸல் அதைக் குறை சொல்லிப் பேசிவிட்டார். அதுவரை பண்டிகைக்கு ஒருவர் வீட்டில் இன்னொருவர் சாப்பிட்ட நண்பர்கள். பல வருஷம் பேச்சு நின்றுபோனது. அது ரஸ்ஸல் செய்த தவறு என்பது என் எண்ணம். கடைசியில் அவரே மன்னிப்புக் கேட்டார், சேர்ந்துகொண்டார்கள். 1999-ல் வில்ட் இறந்தபோது இரங்கல் கூட்டத்தில் ரஸ்ஸல் பேசினார்.

பேரனுக்குக் கடைசியாக ஒரு தகவல். ரஸ்ஸல் இறந்த அடுத்த மாதம் என்.பி.ஏ. அவருடைய 6-ம் எண்ணை எல்லா அணிகளிலும் நிறுத்திவிட்டது. இனி யாருக்கும் புதிதாக அந்த எண் கிடையாது. முதல்முறையாக அந்த மரியாதை பெற்றவர் அவர். ஏற்கெனவே போட்டிருந்தவர்கள் தொடரலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். அப்படிப் போட்டிருந்தவர்களில் ஒருவர் உன்னுடைய லெப்ரான். ஒரு பருவம் போட்டார். 2023-ல் யாரும் கட்டாயப்படுத்தாமல் கழற்றி வைத்துவிட்டு 23-க்குத் திரும்பிவிட்டார். காரணம் கேட்டபோது ரஸ்ஸல் மேல் இருக்கும் மரியாதை என்று அவர் தரப்பில் சொன்னார்கள்.