தெருவுக்கும் நாடி பார்க்கணும்!

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு அம்மா வந்திருந்தார். வயது அறுபத்து நாலு. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் மகன் வீட்டில் ஆறு மாசம் இருந்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார். தூக்கமில்லை, பசியில்லை, முழங்காலில் பிடிப்பு, மலச்சிக்கல்... கையில் ஒரு கட்டு ரிப்போர்ட். சர்க்கரை, பிரஷர், தைராய்டு எல்லாமே சரியாக இருந்தது.

"ஏதாவது நல்ல லேகியமா கொடுங்க டாக்டர்" என்றார்.

நாடி பார்த்தபடியே, "அங்கே ஒரு நாள் பொழுது எப்படிம்மா போச்சு?" என்று கேட்டேன்.

"காலைல ஏழரைக்கு மகனும் மருமகளும் கிளம்பிடுவாங்க. பேத்தி ஸ்கூல் பஸ் ஏறிடுவா. அப்புறம் நானும் ஜன்னலும்தான். பால் வாங்கணும்னாக்கூட கார் வேணும். எனக்கு ஓட்டத் தெரியாது. நடக்கலாம்னா ரோட்டுல நடைபாதையே கிடையாது. ஒரு நாள் தைரியமா நடந்தேன். ஒருத்தர் காரை நிறுத்தி, 'உதவி வேணுமா'ன்னு கேட்டார். பாவம், வழி தவறின கிழவின்னு நினைச்சுட்டார்!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கண் கலங்கியிருந்தது. கிளம்பும்போது வாசலில் நின்று, "மறுபடியும் வரச் சொல்றான் டாக்டர். போகட்டுமா, வேண்டாமா?" என்றார்.

மருந்து கொடுத்தேன். அந்தக் கேள்விக்கு மட்டும் உடனே பதில் சொல்ல வரவில்லை. "அடுத்த முறை வரும்போது சொல்றேம்மா" என்று அனுப்பி வைத்தேன்.

நோயைக் கணிக்கும்போது நோயாளி வாழும் நிலத்தையும் பார் என்று சித்த மருத்துவம் சொல்கிறது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை... ஒவ்வொரு நிலத்துக்கும் ஒவ்வொரு நோய்ப் போக்கு உண்டு. இந்த அம்மா இருந்துவிட்டு வந்த நிலம் எது? ஐந்திலும் சேராத ஆறாவது நிலம். கார் நிலம்! அது எப்படி உருவானது என்று தேடிப் படித்தேன். படித்ததில் எனக்குத் தோன்றியது இதுதான்: ஒரு தெருவை அமைக்கிற விதமே மனிதனுக்கு நோயைக் கொடுக்கும், மருந்தாகவும் ஆகும்.

பிரித்து வைத்த வினை

நூறு வருஷத்துக்கு முன் அமெரிக்க நகரங்களில் தொழிற்சாலைப் புகைக்கு நடுவிலேயே ஜனங்கள் குடியிருந்தார்கள். 'வீடு ஒரு பக்கம், கடை ஒரு பக்கம், ஆலை ஒரு பக்கம் இருக்கட்டும்' என்று நகரசபைகள் சட்டம் போட ஆரம்பித்தன. ஓஹையோ மாநிலத்தில் யூக்ளிட் என்ற சின்ன ஊர் போட்ட இப்படியொரு சட்டம் வழக்காகி, 1926ல் 'செல்லும்' என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பின் நாடு முழுக்க இதே முறை பரவியது.

எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் அளவு மீறினால் அமிர்தமும் நஞ்சு அல்லவா? வீட்டுப் பகுதியில் ஒரு பெட்டிக்கடைக்கும் அனுமதியில்லை என்றான பிறகு, மனுஷன் வாசலை விட்டு நடந்து போக ஒரு காரணமே இல்லாமல் போனது. காரணமில்லாத தெருவில் நடைபாதை எதற்கு என்று பல இடங்களில் அதையும் போடவில்லை. அந்த அம்மாவுக்கு பால் கிடைக்காததன் மூலம் இங்கேதான் இருக்கிறது!

நியூயார்க்கில் வசித்த ஜேன் ஜேக்கப்ஸ் என்ற பெண்மணி 1961லேயே ஒரு புத்தகம் எழுதி எச்சரித்தார். அவர் நகரத் திட்டம் படித்து பட்டம் வாங்கினவர் அல்ல. குடும்பத்தோடு வாழ்ந்த தெருவை தினமும் உட்கார்ந்து பார்த்தவர். கடைக்காரர், வாசலில் நிற்கிற தாத்தா, விளையாடும் பிள்ளைகள் என்று இத்தனை கண்கள் பார்த்துக்கொண்டிருப்பதுதான் தெருவுக்குப் பாதுகாப்பு என்றார். பெரிய நிபுணர்கள் முதலில் அலட்சியம் செய்தார்கள்.

வெயில் கொன்றதா, தனிமை கொன்றதா?

1995 ஜூலை. சிகாகோ நகரத்தில் கடும் வெயில் அலை. 13ஆம் தேதி 106 டிகிரி ஃபாரன்ஹீட். வழக்கமாக ஒரு வாரத்தில் இறப்பவர்களைவிட 739 பேர் அதிகமாக இறந்துபோனார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். தனியறையில், திருட்டுப் பயத்தில் ஜன்னலைக்கூட இறுக மூடிக்கொண்டு, யாரும் எட்டிப் பார்க்காமலே செத்தவர்கள் ஏராளம்.

'நூத்தி ஆறு டிகிரியா? நம்ம ஊர்ல அது சாதாரணமாச்சே' என்று நினைப்பீர்கள். அதனால்தான் இதைச் சொல்கிறேன். இத்தனை பேரையும் வெயில் மட்டும் கொல்லவில்லை.

எரிக் கிளினன்பர்க் என்ற சமூகவியலாளர் இந்தச் சாவுகளைப் பகுதி பகுதியாக ஆராய்ந்து 2002ல் புத்தகமாக எழுதினார். எங்கிள்வுட், ஆபர்ன் கிரஷாம் என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பகுதிகள். இரண்டிலும் கறுப்பின மக்கள், இரண்டிலும் வறுமை, முதியவர்கள், அதே வெயில். ஆனால் எங்கிள்வுட்டில் லட்சத்துக்கு 33 பேர் இறந்தார்கள். ஆபர்ன் கிரஷாமில் லட்சத்துக்கு 3 பேர்தான்!

ஏன் இந்தப் பத்து மடங்கு வித்தியாசம்? எங்கிள்வுட்டில் 1960க்கும் 1990க்கும் நடுவில் பாதி ஜனம் வெளியேறிவிட்டது. கடைகள் மூடின, வீடுகள் பாழடைந்தன. ஆபர்ன் கிரஷாமிலோ ஜனங்கள் அப்படி வெளியேறவில்லை. கடை, ஹோட்டல், சர்ச், நடமாட்டமுள்ள நடைபாதை எல்லாம் இருந்தன. கிழவருக்கு வெளியே வரக் காரணம் இருந்தது. வராத அன்று 'என்ன ஆளைக் காணோமே' என்று கதவைத் தட்டவும் ஆள் இருந்தது. உயிரைக் காப்பாற்றியது அந்தக் கதவுத் தட்டல்.

நகரசபையும் பாடம் படித்தது. 1999ல் மறுபடியும் வெயில் அலை வந்தபோது, தனியாக இருந்த முதியவர்களை வீடு தேடிப் போய் விசாரித்தார்கள். சாவு பெருமளவு குறைந்தது.

அமெரிக்காவின் சர்ஜன் ஜெனரலாக இருந்த டாக்டர் விவேக் மூர்த்தி, 2023ல் தனிமையைப் பற்றியே தனியாக ஒரு அறிக்கை வெளியிட்டார். மனிதத் தொடர்பு இல்லாமல் வாழ்வது, தினம் 15 சிகரெட் வரை பிடிப்பதற்குச் சமமாக ஆயுளைக் குறைக்கும் என்றது அந்த அறிக்கை.

சுவரில் பூசிய மருந்து

நோயைச் சொன்னால் போதுமா? மருந்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்க நகரங்களிலேயே அதற்கு முன்மாதிரிகள் இருக்கின்றன.

பிலடெல்பியாவில் இளவட்டங்கள் சுவரெல்லாம் கிறுக்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். 1984ல் நகரசபை அவர்களைப் பிடித்து உள்ளே தள்ளுவதோடு நிற்கவில்லை. ஜேன் கோல்டன் என்ற ஓவியரை வைத்து, அந்தப் பிள்ளைகள் கையிலேயே பிரஷ்ஷைக் கொடுத்தது. அந்தந்தத் தெரு மக்களைக் கூட்டி, 'உங்க சுவர்ல என்ன வரையலாம்?' என்று கேட்டு வரைந்தார்கள். இன்றுவரை 4,000க்கும் மேற்பட்ட சுவரோவியங்கள் அந்த நகரத்தில் உருவாகியிருக்கின்றன. அழகு ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு சுவருக்காகத் தெருவே கூடிப் பேசியது பாருங்கள், அதுதான் மருந்து.

அதே நகரத்தில் முறையான ஆராய்ச்சி ஒன்றும் நடந்தது. குப்பை கொட்டிக் கிடந்த 541 காலி மனைகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் மூன்று வகையாகப் பிரித்தார்கள். ஒரு வகையில் குப்பையை அகற்றி, புல் போட்டு, சில மரம் நட்டு, உள்ளே நுழைய வழியோடு சின்ன மரவேலி அமைத்தார்கள். இன்னொரு வகையில் குப்பையை மட்டும் அள்ளினார்கள். மூன்றாவதை அப்படியே விட்டார்கள். 2018ல் முடிவு வெளியானது. புல்லும் மரமும் வந்த இடங்களுக்குப் பக்கத்தில் வசித்தவர்களிடம், மனச்சோர்வு இருப்பதாகச் சொன்னது, ஒன்றும் செய்யாத இடங்களோடு ஒப்பிட 41.5 சதவீதம் குறைந்திருந்தது. குப்பையை மட்டும் அள்ளிய இடங்களில் குறிப்பிடும்படியான பலன் இல்லை. ஒரு மனைக்கு ஆன செலவு சுமார் 1,600 டாலர். அமெரிக்காவில் ஆஸ்பத்திரிச் செலவு தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு மலிவு என்பது புரியும்!

இன்னும் எளிமையானது போர்ட்லண்ட் நகரத்துக் கதை. 1996ல் ஒரு தெருச் சந்திப்பில் குடியிருந்தவர்கள் சேர்ந்து ரோட்டின் நடுவில் பெரிய வண்ணக் கோலம் மாதிரி வரைந்தார்கள். மூலையில் டீ பிளாஸ்க், புத்தக அலமாரி, குழந்தைகளுக்கு விளையாட்டு வீடு என்று வைத்தார்கள். நகரசபை முதலில் ஆட்சேபித்தது. பிறகு பலனைப் பார்த்து, இதற்கு அனுமதி கொடுக்கவே விதி செய்தது. இன்று அந்த நகரத்தில் பல சந்திப்புகளில் இப்படி ஓவியங்கள் இருக்கின்றன.

கேட்காமல் கொடுத்த மருந்து

'ஓகோ, அப்போ தெருவுக்குத் தெரு சிலை வெச்சா நோய் ஓடிடுமா?' என்று கேட்டால், இல்லை. நோயாளியைக் கேட்காமல் புகட்டிய மருந்து வாந்தியாகத்தான் வரும்.

நியூயார்க்கில் ஃபெடரல் பிளாசா என்ற அரசு அலுவலகத் திடலில் 1981ல் ரிச்சர்ட் செர்ரா என்ற புகழ்பெற்ற சிற்பி 120 அடி நீளம், 12 அடி உயரத்துக்கு வளைந்த இரும்புச் சுவர் ஒன்றை நிறுத்தினார். கலை விமரிசகர்கள் பலர் கொண்டாடினார்கள். ஆனால் அங்கே வேலை பார்த்தவர்களில் பலர், 'இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக முடியலை, உட்கார முடியலை' என்று புலம்பினார்கள். வழக்கு, விசாரணை என்று போய், 1989ல் ஒரு ராத்திரியில் அதை வெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். செர்ராவின் திறமையைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் அந்தத் திடலில் தினமும் மதியச் சாப்பாடு சாப்பிட்டவர்களை யாரும் முன்கூட்டியே கேட்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஆகவே, பொதுக்கலைக்கும் பூங்காவுக்கும் செலவு செய்வதை ஆடம்பரம் என்பவர்களோடு நான் உடன்பட மாட்டேன். அது ஆரோக்கியச் செலவு. ஆனால் அந்தத் தெருக்காரர்களை உட்கார வைத்துப் பேசிச் செய்தால்தான் அது ஆரோக்கியம்.

அந்த அம்மாவுக்குச் சொன்னது

பதினைந்து நாள் கழித்து அந்த அம்மா மறுபடியும் வந்தார். தூக்கம் பரவாயில்லை, பசி எடுக்கிறது என்றார். நம்ம தெரு, கோயில், காய்கறிக்காரம்மா எல்லாம் சேர்ந்து வேலை செய்திருக்கிறார்கள். என் லேகியத்துக்கு அதில் கால் பங்குதான்!

"போங்கம்மா. ஆனா போறதுக்கு முன்னாடி மகன்கிட்ட மூணு விஷயம் கேளுங்க" என்றேன். அங்கே பிள்ளைகள் இருக்கிற எல்லாப் பெற்றோருக்கும் இதையே சொல்கிறேன்.

ஒன்று, வாசலிலிருந்து பத்து நிமிஷத்தில் நடந்து போய் உட்கார ஒரு பெஞ்சு, ஒரு பூங்கா இருக்கிறதா? வீடு மாறும்போது பெரிய சமையலறையைப் பார்க்கிற மாதிரி இதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு, பொது நூலகம் எங்கே இருக்கிறது? அமெரிக்காவில் ஊருக்கு ஊர் நூலகம் உண்டு. உள்ளே போய் உட்காரக் காசு கிடையாது. குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நேரம், ஆங்கிலம் பேசிப் பழகும் வகுப்பு எல்லாம் பல இடங்களில் நடக்கிறது. வாரம் இரண்டு நாள் உங்களை அங்கே இறக்கிவிட்டு, சாயந்திரம் அழைத்து வரட்டும்.

மூன்று, தெருவை மறித்து அக்கம்பக்கத்தார் கூடிச் சாப்பிடும் 'பிளாக் பார்ட்டி' அங்கே நடக்குமா? நடந்தால் ஒரு தட்டு வடையோடு போய் நில்லுங்கள். பாஷை தானாக வரும்.

இவ்வளவு செய்தும் இரண்டு வாரத்துக்கு மேல் மனச்சோர்வும் தூக்கமின்மையும் தொடர்ந்தால், 'தனிமைதானே' என்று விட்டுவிடாமல் டாக்டரைப் பாருங்கள். அதுவும் சிகிச்சைக்குரிய நோய்தான்.

அந்த அம்மா ஒரு காகிதத்தில் மூன்றையும் எழுதிக்கொண்டார். எழுந்து போகிறபோது, "மூணுல ஒண்ணுகூட இல்லேன்னு சொல்லிட்டான்னா?" என்று கேட்டார்.

"அப்போ அவனை லீவு போட்டுட்டு இங்கே வரச் சொல்லுங்கம்மா" என்றேன்.